பின்னமான திருமேனிகள்: சீர் செய்வதா, விற்பதா?

தமிழகத்தை விட்டு மும்பைக்கும் டில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் பிழைக்க வந்த நம் முன்னோர் கையோடு கொண்டு வந்தவை அதிகமில்லை. இரண்டு பெட்டி, சில பித்தளைப் பாத்திரம், ஊர்க் கோயில் பிரசாதம் மடித்த ஒரு பொட்டலம். சிலருடைய பெட்டியில் சாண் உயரச் செப்புத் திருமேனி ஒன்றும் இருந்தது. தவழும் கிருஷ்ணனோ, பிள்ளையாரோ, தாயாரோ. ஊரில் வீடு விற்றபோது பங்காளிகள் பிரித்துக்கொண்டதில் வந்ததாக இருக்கலாம். பாட்டி வீட்டுச் சீதனமாகவும் இருக்கலாம்.

மூன்று தலைமுறை கழிந்தபின் அந்தத் திருமேனிக்கு ஒரு விரல் போயிருக்கும். அல்லது பாதத்துக்கும் பீடத்துக்கும் நடுவே விரிசல் விட்டிருக்கும். முதுகில் இளம்பச்சை நிறத்தில் ஏதோ பூத்திருக்கும். அப்போதுதான் வீட்டில் விவாதம் தொடங்குகிறது. "பின்னமான சாமியை வீட்டுல வெச்சுக்கக் கூடாது" என்பார் பெரியவர். "பத்த வெச்சுட்டாப் போச்சு" என்பார் ஒருவர். "பழசுன்னா நல்ல விலை வருமாமே, கொடுத்துட்டா என்ன?" என்பார் இன்னொருவர். இளைய தலைமுறைக்கு இது எதிலும் அக்கறையில்லை.

இது ஒரு வீட்டு விவகாரம் போலத் தோன்றினாலும், இதற்குப் பின்னே ஆயிரம் ஆண்டு வரலாறு இருக்கிறது. பழுதான உலோகத் திருமேனியை என்ன செய்வது என்ற கேள்வியை நம் கோயில்களும், ஸ்தபதிகளும், அருங்காட்சியகங்களும், ஏன், லண்டன் நீதிமன்றங்களும்கூடச் சந்தித்திருக்கின்றன. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால் வீட்டு விவாதத்திலும் தெளிவு பிறக்கும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோர் வகுத்த முறை

பழுதுபட்ட மூர்த்திகளைப் பற்றி ஆகமங்களும் சிற்ப நூல்களும் வெறும் அச்சத்தோடு பேசவில்லை. ஜீர்ணோத்தாரம் என்றே தனிப் பகுதி வகுத்து முறைப்படி பேசுகின்றன. சாரம் இதுதான். விரல் நுனி, ஆயுதம், அணிகலன், திருவாசி போன்ற சிறு உறுப்புகள் சிதைந்தால் செப்பனிட்டு மீண்டும் வழிபாட்டில் வைக்கலாம். தலை, மார்பு போன்ற பெரிய உறுப்புகள் சிதைந்தால் அந்தத் திருமேனியில் இருக்கும் கலையை முறைப்படி கும்பத்துக்கு மாற்றிவிட்டு, புதிய மூர்த்தி செய்ய வேண்டும். பழைய மூர்த்தி கல்லாக இருந்தால் ஆழ்ந்த நீரில் சேர்ப்பார்கள். மரமாக இருந்தால் எரியூட்டுவார்கள். உலோகமாக இருந்தால் உருக்கி வார்ப்பார்கள்.

ஆக, "பின்னமானால் ஆகாது" என்று ஒரே சொல்லில் நம் நூல்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. எந்த உறுப்பு, எவ்வளவு சிதைவு என்று பார்த்துத்தான் முடிவு. அந்த முடிவும் ஒருவர் தனியாக எடுப்பதல்ல. ஆசாரியர், ஸ்தபதி, ஊரார் எல்லாரும் அறிய நடப்பது.

ஊரறிய நடக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுகளைப் பாருங்கள். அரசனும், அவன் தமக்கை குந்தவையும், தேவியரும், அதிகாரிகளும் எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகள் 60க்கும் மேற்பட்டவை அங்கே பதிவாகியுள்ளன. ஒவ்வொன்றின் உயரமும் முழக்கணக்கிலும் விரற்கணக்கிலும் சொல்லப்படுகிறது. கைகள் எத்தனை, பீடம் எப்படி, திருவாசி உண்டா, சார்த்திய நகையின் எடை என்ன, அதில் முத்து எத்தனை என்று கணக்குப்பிள்ளை ஏட்டைப் போல எழுதி வைத்திருக்கிறார்கள். எதிர்காலத்தில் ஒன்று குறைந்தாலும், மாறினாலும், கல் சாட்சி சொல்லும் என்ற ஏற்பாடு அது. அத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் அந்தத் திருமேனிகளில் இன்று எஞ்சியவை மிகச் சிலவே. ஆனால் கல்வெட்டு இருப்பதால்தான் எதை இழந்தோம் என்றாவது நமக்குத் தெரிகிறது.

ஆபத்துக் காலத்துக்கு வேறொரு வழியும் இருந்தது: திருமேனிகளை மண்ணுக்குள் வைத்துப் பாதுகாப்பது. திருவெண்காட்டில் 1951 தொடங்கிக் கிடைத்தவையும், எசாலத்தில் 1987இல் முதலாம் இராசேந்திரனின் செப்பேட்டோடு கிடைத்தவையும், சீர்காழி சட்டைநாதர் கோயிலில் 2023இல் தேவாரப் பதிகங்கள் பொறித்த செப்பேடுகளோடு கிடைத்தவையும் இப்படி மண் காத்துத் தந்த செல்வங்கள்தாம். ஆனால் மண் சும்மா தருவதில்லை. உப்பையும் களிம்பையும் சேர்த்தே தருகிறது.

ஒரே ஒரு வார்ப்பு

சீர் செய்வதைப் பற்றிப் பேசுமுன், இந்தத் திருமேனிகள் பிறக்கும் விதத்தைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. சுவாமிமலையில் இன்றும் நடக்கும் முறைதான். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் உருவம் செய்வார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசுவார்கள். காய்ந்தபின் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்தால் திருமேனி. மெழுகும் போயிற்று, அச்சும் போயிற்று. அதே போல இன்னொன்று வேண்டுமென்றால் மறுபடி மெழுகிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஐம்பொன் என்று நாம் சொன்னாலும் பெரும்பகுதி செம்புதான். தகரமும் ஈயமும் அடுத்த இடம். பொன்னும் வெள்ளியும் பெயருக்குத்தான்.

ஆகவே ஒவ்வொரு பழைய திருமேனியும் உலகில் ஒன்றே ஒன்று. அதில் கை வைக்கும் ஸ்தபதி, முதலில் செய்தவரின் கைத்திறத்தின் மேல் தன் கைத்திறத்தை ஏற்றுகிறார். வழிபாட்டில் இருக்கும் மூர்த்திக்கு இது தவிர்க்க முடியாதது. நூற்றாண்டுக் கணக்கில் அபிஷேகமும் புளி தேய்ப்பும் கண்டு முகம் மழுங்கிய உற்சவர்களுக்குக் கண்ணை மீண்டும் செதுக்கித் திறந்த வழக்கம் உண்டு. அதைக் குறை சொல்ல முடியாது. அங்கே திருமேனி வாழ்கிறது. வாழ்வதற்காகப் பழுது நீக்கப்படுகிறது. விலைக்காகப் பழுது நீக்குவது வேறு சங்கதி.

சிவபுரம் சொல்லும் பாடம்

கும்பகோணத்துக்கு அருகே சிவபுரம். 1951இல் அங்கே வயலில் நடராசர் உள்ளிட்ட சில செப்புத் திருமேனிகள் கிடைத்தன. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் புதையல் கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படியே தெரிவிக்கப்பட்டு, பிறகு ஊர்ச் சிவன் கோயிலிலேயே அவை ஒப்படைக்கப்பட்டன. இதுவரை எல்லாம் சரி.

திருமேனிகள் மண்ணில் கிடந்தவை அல்லவா? வழிபாட்டுக்கு முன் செப்பனிட வேண்டும் என்று 1954இல் ஒரு ஸ்தபதியிடம் கொடுத்தார்கள். பட்டறையில் பழுது நீங்கியதோ இல்லையோ, நகல்கள் பிறந்தன. கோயிலுக்குத் திரும்பி வந்தவை நகல்கள். மூலத் திருமேனிகள் கைமாறின. நடராசர் மும்பைக்குப் போய் ஒரு தனியார் சேகரிப்பில் அமர்ந்தார். சிவபுரத்தில் தீபாராதனை தொடர்ந்து நடந்தது. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

வெளியே கொண்டு வந்தவர் ஓர் அயல்நாட்டு அறிஞர். பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட், 1965இல் வெளியான முற்காலச் சோழர் செப்புத் திருமேனிகள் பற்றிய தம் நூலில், கோயிலில் இருப்பது நகல் என்பதைச் சுட்டினார். அதற்குப் பிறகுதான் விசாரணை. அதற்குள் நடராசர் கடல் கடந்து, 1973 வாக்கில் அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் அறக்கட்டளைக்கு 9 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டார். இந்திய அரசு வழக்குப் போட்டது. 1976இல் சமரசம் ஏற்பட்டு, பத்தாண்டுக் காலம் அங்கே வைத்திருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. 1986இல்தான் நடராசர் நாடு திரும்பினார். செப்பனிடக் கொடுத்த நாளிலிருந்து கணக்கிட்டால் முப்பத்திரண்டு ஆண்டு!

இந்தக் கதையில் திருட்டு நடந்த இடம் எது? பூட்டை உடைத்து யாரும் வரவில்லை. "ரிப்பேருக்குக் கொடுக்கிறோம்" என்று நாமே தூக்கிக் கொடுத்தோம். கொடுக்குமுன் அங்குலம் அங்குலமாக அளந்து, நான்கு பக்கமும் படம் எடுத்து, திரும்பி வந்ததும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் 1956இலேயே வெளிப்பட்டிருக்கும். இராசராசன் கல்லில் செய்த வேலையை நாம் காகிதத்தில்கூடச் செய்யவில்லை.

மண்ணும் கரையானும் சாட்சி

அடுத்தது பத்தூர். 1976இல் அங்கே சிதைந்து கிடந்த விசுவநாத சுவாமி கோயிலுக்கு அருகே மண் தோண்டிய ஒரு தொழிலாளியின் கடப்பாரையில் நடராசர் தட்டுப்பட்டார். சட்டப்படி கலெக்டருக்குச் சொல்லாமல் விற்றுவிட்டார்கள். பல கை மாறி லண்டன் சென்று, 1982இல் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று இரண்டரை லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. வாங்கியவர்கள் பழுது பார்த்துச் சுத்தம் செய்வதற்காக பிரிட்டிஷ் மியூசியத்திடம் ஒப்படைத்தார்கள். அங்கேதான் லண்டன் போலீசார் அதைக் கைப்பற்றினர்.

அதன்பின் நடந்த வழக்கு உலகப் புகழ் பெற்றது. சிதைந்து கிடந்த ஒரு கிராமக் கோயிலே வாதியாக லண்டன் நீதிமன்றத்தில் நின்றது. 1988இல் தீர்ப்பு நமக்குச் சாதகம். 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த ஆண்டே நடராசர் தாயகம் திரும்பினார். டாக்டர் இரா. நாகசாமி அவர்கள் சாட்சிக் கூண்டில் நின்று சிற்ப அமைதியை விளக்கினார். அவரோடு கூட இன்னும் இரண்டு சாட்சிகள் இருந்தன: திருமேனியில் ஒட்டியிருந்த மண்ணும் கரையான் ஊர்ந்த தடமும். பத்தூரில் பின்னர் கிடைத்த மற்றத் திருமேனிகளில் இருந்தவற்றோடு ஒப்பிட்டு, இரண்டும் ஓரிடத்தில் புதைந்திருந்தவையே என்று வாதிட அவை துணை செய்தன.

நண்பர்களே, சற்று யோசித்துப் பாருங்கள். யாரோ ஒருவர் புளியும் செங்கல் பொடியும் போட்டுப் பளபளவென்று தேய்த்திருந்தால் அந்தச் சாட்சிகள் சாக்கடையில் போயிருக்கும். நாம் அழுக்கு என்று நினைப்பது சில சமயம் திருமேனியின் பிறப்புச் சான்றிதழ்.

அருங்காட்சியகம் கற்ற பாடம்

அப்படியானால் எதையும் தொடாமல் விட்டுவிடலாமா? அதுவும் கூடாது. மண்ணிலிருந்து ஏறிய உப்பு செம்போடு சேர்ந்து, ஈரக் காற்றுப் பட்டால், இளம்பச்சைத் தூளாக உதிரத் தொடங்கும். கெட்டியாகப் படிந்த கரும்பச்சைக் களிம்பு வேறு, இந்தத் தூள் வேறு. களிம்பு உலோகத்துக்குப் போர்வை. தூளோ அரித்துக்கொண்டே போகும் நோய். விட்டுவிட்டால் முகத்தையே தின்றுவிடும். கடற்கரை நகரங்களில் இதன் வேகம் இன்னும் அதிகம்.

சென்னை அரசு அருங்காட்சியகத்தில் இந்த நோயைப் பார்த்துத்தான் 1930இல் வேதியியல் பாதுகாப்புக் கூடம் ஏற்பட்டது. அங்கே டாக்டர் எஸ். பரமசிவன், மின்பகுப்பு முறையில் அரிப்பை நீக்கி ஏராளமான செப்புத் திருமேனிகளைக் காப்பாற்றினார். இந்தியாவில் அறிவியல் முறையில் தொல்பொருள் பேணும் பணிக்கு அவரை முன்னோடி என்றே சொல்ல வேண்டும். காலப்போக்கில் முறைகள் மாறின. களிம்புப் போர்வையை முழுதும் உரிக்காமல், நோயுள்ள இடத்தை மட்டும் கவனித்து, மேலும் அரிக்காதபடி மருந்து பூசுவதே இன்றைய வழக்கம்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. அருங்காட்சியகம் அரிப்பை நிறுத்தியதே தவிர, இல்லாத உறுப்பைப் புதிதாக ஒட்டவில்லை. திருவெண்காட்டு இடபாரூடர் 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தவர் என்பது கல்வெட்டால் தெரிகிறது. தஞ்சைக் கலைக்கூடத்தில் அவரைக் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள். இடபத்தின் மேல் கையை ஊன்றி ஒய்யாரமாக நிற்கிறார். ஆனால் இடபத்தைக் காணோம். வெறும் காற்றின் மேல் கை ஊன்றி நிற்கிறார். புதிதாக ஓர் இடபம் வார்த்து வைக்க நம்மிடம் ஸ்தபதிகளுக்குப் பஞ்சமா? இருந்தும் வைக்கவில்லை. சென்னையில் இருக்கும் திருவாலங்காட்டு நடராசருக்குத் திருவாசி இல்லை. அந்தத் திருமேனியின் புகைப்படங்களைப் பார்த்துத்தான் பிரெஞ்சு சிற்பி ரோதென் வியந்து எழுதினார். குறையோடேயே அவை நிறைவாக நிற்கின்றன.

படம் பேசியது

ஸ்ரீபுரந்தான் வரலாறு அண்மைக் காலத்தது. அரியலூர் மாவட்டத்துச் சிறு கோயில் அது. அங்கிருந்து திருடப்பட்ட நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2014இல் ஆஸ்திரேலியப் பிரதமர் டில்லிக்கு வந்தபோது அதை நேரில் ஒப்படைத்தார். இதைச் சாத்தியமாக்கியது எது? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1994இல் அந்தக் கோயிலில் எடுத்து வைத்திருந்த கருப்பு வெள்ளைப் படம். வார்ப்பில் நேர்ந்த சிறு வடுக்களும் தேய்மானங்களும் கைரேகை போல ஆளை அடையாளம் காட்டின. பழுதே சான்றாயிற்று. அந்த வடுக்களை யாராவது "சரி செய்து" தேய்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சட்டம் சொல்வது

வீட்டில் இருப்பதை விற்கலாமா என்று கேட்பவர்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இச்சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத சிற்பம் தொல்பொருள். உலோகச் சிற்பம் வைத்திருப்பவர் படங்களோடு பதிவு அலுவலரிடம் பதிந்துகொள்ள வேண்டும். வைத்திருப்பது குற்றமில்லை, பதியாமல் வைத்திருப்பதுதான் குற்றம். உரிமையை இன்னொருவருக்கு மாற்றினால் அதையும் தெரிவிக்க வேண்டும். உரிமம் இல்லாதவர் தொல்பொருள் வியாபாரம் செய்யக் கூடாது. தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அனுப்பினால் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை. "அமெரிக்காவுல இருக்கிற பையனுக்குப் பாட்டி நினைவா கொடுத்தனுப்பறேன்" என்று பெட்டியில் வைப்பவர்கள்கூட இதை யோசிக்க வேண்டும். நூறாண்டு ஆகாத பொருள் என்றால், தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வழி உண்டு.

என்ன செய்யலாம்?

மேலே கண்ட வரலாறுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். நம் முன்னோர் சீர் செய்தார்கள், உருக்கினார்கள், புதைத்தார்கள். எதைச் செய்தாலும் முறையோடும் சாட்சியோடும் செய்தார்கள். இழப்பு நேர்ந்த இடங்களிலெல்லாம் முடிவு இருட்டில் எடுக்கப்பட்டது. ஆகவே "சீர் செய்வதா, விற்பதா" என்பது இரண்டாவது கேள்வி. "இது என்ன, எங்கிருந்து வந்தது, இப்போது எப்படி இருக்கிறது" என்பதுதான் முதற்கேள்வி.

அந்த முதற்கேள்விக்கு விடை காண்பது கடினமில்லை. முன், பின், பக்கவாட்டு, பீடத்தின் அடிப்பாகம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். உயரத்தையும் எடையையும் குறியுங்கள். பீடத்தில் எழுத்து இருந்தால் தனியாகப் படம் எடுங்கள். எந்த ஊர், யார் வழி வந்தது என்று வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் போய்விட்டால் அந்தத் தகவலை எந்த ஸ்தபதியாலும் பற்றவைக்க முடியாது.

பிறகு நோயா, காயமா என்று பாருங்கள். இளம்பச்சைத் தூள் உதிர்ந்தால் ஈரம் படாமல் உலர்வான இடத்தில் தனியே வைத்து, அருங்காட்சியகத்துப் பாதுகாப்பு வல்லுநரைக் கலந்துகொள்ளுங்கள். எலுமிச்சை, புளி, பாலிஷ் எதுவும் வேண்டாம். ஒடிந்த விரலோ ஆயுதமோ கையில் இருந்தால், அதைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்துங்கள். பாத்திரக் கடையில் ஈயம் வைத்து ஒட்டச் சொல்ல வேண்டாம்.

பூசையில் இருக்கும் அண்மைக் கால மூர்த்தி என்றால் நல்ல ஸ்தபதியிடம் தாராளமாகச் செப்பனிடலாம். ஆகமமே இடம் தருகிறது. பழமையானது என்றால் பதிவு செய்து, அரிப்பை மட்டும் நிறுத்தி, குறையை அப்படியே விட்டு வையுங்கள். வைத்துக்கொள்ள இயலாத குடும்பம், எடைக்கு வாங்குபவரிடமோ பேர் சொல்லாமல் வந்து விலை பேசுபவரிடமோ போகாமல், அரசு அருங்காட்சியகத்தை அணுகட்டும். நன்கொடையாகவும் கொடுக்கலாம், முறைப்படி விலைக்கு வாங்கும் ஏற்பாடுகளும் உண்டு. ஊர்க் கோயிலிலிருந்து எப்போதோ வந்தது என்று தெரிய வந்தால், அந்தக் கோயிலுக்கே திருப்பித் தருவதைவிடப் பெரிய திருப்பணி வேறில்லை.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. ஊரில் உள்ள திருமேனிக்கு ஊரே சாட்சி. "இது மேலத்தெரு வீட்டுப் பிள்ளையாராச்சே" என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். இங்கே அடுக்குமாடி வீட்டு அலமாரியில் இருப்பதற்கு நாம் மட்டுமே சாட்சி. நம்மோடு அந்தச் சாட்சியும் போய்விடாமல், ஒரு காகிதத்திலாவது எழுதி, படத்தோடு அந்தப் பீடத்தின் கீழ் வைத்துவிட்டுப் போவோம். சங்க உறுப்பினர்கள் தத்தம் வீட்டில் உள்ளவற்றைப் பற்றி இப்படி ஒரு குறிப்பு எழுதி வைத்தாலே, விரல் போன கிருஷ்ணனுக்கும் ஒரு வரலாறு மிஞ்சும்.